இளஞ்சூடான நிலமும் தூய வளியும்

நமது கல்லூரியின் விழா மலருக்குப் பௌதிகவியல் சார்ந்த கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, யான் தெரிந்துகொண்ட பொருளைக் கூறினேன். குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். "சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும் எங்களுக்கு வீட்டைச் சூடாக்கும் வழியையா, ஐயா, சொல்லப்போகிறீர்கள்?" என்றார். கேள்வி நியாயமானதே. ஆயினும் இக்கல்லூரியிற் பயின்றோருட் பலர் இன்று இலண்டனிலும் தொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் குடியிருக்கின்றனர். ஆண்டில் ஐந்தாறு திங்கள் அவர்தம் வாழ்வு அடைத்த யன்னல்களின் உள்ளேயே கழிகின்றது. அவ்வறைகளில் அவர்கள் எவ்வாறு வெப்பம் பெறுகின்றனர், எத்தகைய வளியை உயிர்க்கின்றனர் என்பது சிறிய செய்தியன்று. அதிற் பிழை நேர்ந்தால் உயிர்போவதும் உண்டு. அன்றியும், வெப்பத்தின் விதி குளிர்நாட்டிற்கு ஒன்று, வெயில்நாட்டிற்கு ஒன்று என இரண்டாக இல்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றி இறுதியில் நமது வகுப்பறைக் கூரைக்கே வந்து சேரும் என அவ்விளைஞருக்குச் சொல்லிவைத்தேன்.

யான் முதன்முதல் இலண்டன் சென்றது 1971 ஆம் ஆண்டிலாகும். நண்பர் ஒருவரும் யானும் மேல்மாடியில் ஒரு சிற்றறையை வாடகைக்குப் பெற்றோம். அறையில் நாணயம் இட்டால் எரியும் வாயு அடுப்பொன்று இருந்தது. அது நாணயத்தை விழுங்கிய விரைவிற்கு எமது பணப்பை ஈடுகொடுக்கவில்லை. ஆகவே பழம்பொருட் கடையொன்றில் மண்ணெண்ணெய்ச் சூடாக்கி ஒன்றை வாங்கி அறையின் நடுவே வைத்தோம். அதற்குப் புகைபோக்கி இல்லை. காசு கொடுத்துப் பெற்ற வெப்பம் வெளியே போகலாமா? யன்னற் சட்டங்களின் இடுக்குகளிலும் கதவின் கீழும் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தோம். எமது திறமையை யாமே மெச்சிக்கொண்டோம்.

நான்கு நாளின் பின் காலையில் எழும்போது தலை கனத்தது. சுவரில் நீர் வழிந்தது. கட்டிலின் கீழ் வைத்த சப்பாத்துகளிற் பூஞ்சணம் படர்ந்தது. சூடாக்கியை நோக்கி இருந்தால் முகம் காய்ந்தது. முதுகோ குளிரில் விறைத்தது. அவ்வாரம், அங்கே மருத்துவம் பயின்றுகொண்டிருந்த நமது கல்லூரி மூத்த மாணவர் ஒருவர் எம்மைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே காலெடுத்து வையாமல் வாயிலில் நின்றபடியே, "தம்பி, முதலிலை உந்த யன்னலைத் திற, பிறகு கதைப்பம்" என்றார்.

அன்று அவர் கடதாசியில் எழுதிக் காட்டிய கணக்கு இன்றும் என் நினைவில் உள்ளது. மண்ணெண்ணெய் எரியும்போது அதிலுள்ள ஐதரசன் நீராகவும் காபன் காபனீரொட்சைட்டாகவும் மாறுகின்றன. ஓர் இலீற்றர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஓர் இலீற்றர் நீரும் இரண்டரைக் கிலோகிராம் காபனீரொட்சைட்டும் தோன்றும். புகைபோக்கி இல்லாதவிடத்து அவை யாவும் அறையிலேயே தங்கும். யாம் இரவுதோறும் ஒரு போத்தல் நீரைச் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தோம்! அதனினும் கொடியது பிறிதொன்று. ஒட்சிசன் போதாத இடத்தில் எரிதல் நிறைவுறாது. அப்போது தோன்றுவது காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்கின்றது. உறங்குவோன் உறக்கத்திலேயே இறப்பான்.

எம்முடைய பிழை யாது? காற்றைச் சூடாக்கினால் நாம் சூடாவோம் என்றும், ஆகையால் சூடான காற்றைச் சிறைவைக்க வேண்டும் என்றும் எண்ணியதே. வெப்பம் ஒரு கேள்வி. வளி வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சாக முடிந்துவிட்டால் ஒன்றைப் பெற மற்றதை இழக்க வேண்டியதாகின்றது. குளிர்நாட்டு வீடுகளின் வரலாற்றிற் பெரும்பகுதி இம்முடிச்சை அவிழ்க்க மனிதர் செய்த முயற்சியேயாகும்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். இக்கட்டுரையிற் பாகை என்பன யாவும் சதம அளவைப் பாகைகளே. அமைதியாக இருக்கும் வளர்ந்த மனிதன் ஒருவன் ஏறக்குறைய 100 உவாற்று வெப்பத்தை ஓயாது பிறப்பிக்கின்றான். பழைய மின்குமிழ் ஒன்றிற்கு அவன் சமன். இவ்வெப்பம் வெளியேறிக்கொண்டே இருத்தல் வேண்டும். தங்கினால் காய்ச்சல்; மிகுதியாகப் போனால் குளிர். அது போகும் வழிகளுள் வியர்வை ஆவியாதல் ஒன்று. தோலைத் தொடும் காற்று வெப்பத்தைக் கொண்டு செல்லும் மேற்காவுகை ஒன்று. தொடாமலே, இடையிலுள்ள காற்றைப் பொருட்படுத்தாமலே, சுற்றியுள்ள சுவர், யன்னல், நிலம், கூரை ஆகியவற்றிற்கு உடம்பு வெப்பத்தை வீசும் கதிர்வீசல் மற்றொன்று. காற்றோட்டம் மிகாத சாதாரண அறையில் இம்மூன்றனுட் பெரும்பங்கு கதிர்வீசலுக்கே உரியது என்பதைப் பலர் அறியார். வெப்பமானியை நோக்கி, "காற்று 22 பாகையாக இருக்கின்றதே, ஏன் குளிர்கின்றது?" என வியப்போர் அருகிலுள்ள யன்னற் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தல் நன்று. கண்ணாடி குளிர்ந்திருக்கும். அவர் உடம்பு அதற்கு வெப்பத்தை வீசுகின்றது. அது திருப்பி வீசுவதோ குறைவு.

காற்று அசையாத அறையில் மனிதன் உணரும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றுப் பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். காற்று 22, சுவர்கள் 18 ஆயினும் அவன் உணர்வது 20. காற்று 18, சுவர்கள் 22 ஆயினும் உணர்வது அதே 20. உணர்வு ஒன்றாயினும் அவ்விரண்டு அறைகளும் ஒன்றல்ல. இரண்டாவது அறையிற் காற்றைக் குறைவாகவே சூடாக்கியுள்ளோம். அது சற்று மாற்றப்பட்டாலும் இழப்புச் சிறிது. அங்கே மூக்கும் தொண்டையும் அத்துணை வறள்வதில்லை. 0 பாகையில் ஈரம் நிறைந்த வெளிக்காற்று ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 5 கிராம் நீராவியே கொள்ளும். அதனை வீட்டினுள் 24 பாகைக்கு ஏற்றினால் ஏறக்குறைய 22 கிராம் கொள்ள வல்லதாகின்றது. நீராவி கூடவில்லை, கொள்ளளவே கூடிற்று. எனவே சாரீரப்பதன் நூற்றுக்கு 22 என்னும் அளவிற்கு வீழ்கின்றது. கனடாவில் வாழ்வோர் மாரியில் மூக்கிலே குருதி கசிவதாகக் கூறுவதன் காரணம் இதுவே. காற்றைச் சூடாக்குந்தோறும் அது வறட்சியுறும்.

இனி வளியின் கதை. அடைத்த அறையில் ஏற்படும் புழுக்கத்திற்கு நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டே காரணம் எனப் பலகாலம் நம்பினர். மியூனிக் நகரில் வாழ்ந்த சுகாதாரவியல் அறிஞர் மாக்ஸ் வொன் பெற்றன்கோபர் 1858 இல் ஒரு திருத்தத்தைச் செய்தார். அவ்வளவில் அவ்வாயு நஞ்சன்று. ஆனால் மனிதர் வெளிவிடும் ஏனைய அழுக்குகளும் அதனுடனேயே கூடுகின்றன. ஆகவே அது ஓர் அளவுகோல் ஆகும் என்றார். பத்தாயிரம் பங்கு வளியிற் பத்துப் பங்கிற்கு மேல் அது இருக்கலாகாது என்பது அவர் வகுத்த எல்லை. இன்று திறந்த வெளியிலேயே அது பத்தாயிரத்தில் நான்கு பங்கைச் சற்றுக் கடந்து நிற்கின்றது. முப்பது கன மீற்றர் கொண்ட படுக்கையறையில் இருவர் எட்டு மணிநேரம் உறங்குவதாகக் கொள்க. உறங்குவோர் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 இலீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுவர். அறை முற்றாக அடைபட்டதாயின் விடியும்போது அங்கே பத்தாயிரத்தில் அறுபத்தெட்டுப் பங்கு இருக்கும். இடுக்குகள் வழியே காற்றுப் புகுவதாலேயே நாம் அவ்வெல்லைக்குப் போகாது தப்புகின்றோம். செய்தித்தாளைத் திணித்தோர் அந்த இடுக்கையும் விடவில்லை என்பதை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் 1905 ஆம் ஆண்டளவில், அப்போது ஜேர்மனியைச் சேர்ந்ததாயிருந்த பிரெஸ்லோ நகரில், புளூகே என்பாரின் ஆய்வுகூடத்திற் பவுல் என்பார் ஓர் அழகிய பரிசோதனை செய்தார். மாணவர்கள் அதனைக் கூர்ந்து நோக்குக. ஒருவரை அடைத்த சிறு அறையினுள் இருத்தினார். சிறிது நேரத்தில் அவர் புழுக்கத்தால் வருந்தினார். குழாய் ஒன்றின் வழியே வெளியிலுள்ள தூய வளியை உயிர்க்கச் செய்தார்; வருத்தம் தணியவில்லை. வெளியே நின்ற ஒருவரை அதே குழாய் முறையால் அறையினுள் உள்ள கெட்ட வளியை உயிர்க்கச் செய்தார். அவருக்கு வருத்தம் தோன்றவில்லை. அறையின் காற்றைக் குளிரச் செய்து அசைத்தபோது உள்ளிருந்தவர் ஆறுதலடைந்தார். புழுக்கம் நுரையீரலால் அன்று, தோலால் உணரப்படுவது என்பது இதனால் தெளிவாயிற்று. வெப்பம் ஒரு கேள்வி, வளி வேறொரு கேள்வி என மேலே கூறியதற்கு இதைவிடச் சிறந்த சான்றை யான் அறியேன்.

ஆனால் நல்ல பரிசோதனையிலிருந்தும் தீய முடிவு பிறப்பதுண்டு. புழுக்கம் இல்லையெனில் வளியிற் குற்றமில்லை எனச் சிலர் எண்ணத் தலைப்பட்டனர். 1973 ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கப் பொறியியலாளர் எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கட்டடங்களை இறுக மூடினர். ஓர் ஆளுக்கு நிமிடத்திற்கு 5 கன அடி வெளிக்காற்றுப் போதும் என 1981 இல் அவர்தம் நியமம் கூறிற்று. புதிய அலுவலகங்களிற் பணிசெய்தோர் தலையிடி, கண்ணெரிவு, சோர்வு என முறையிட்டனர். 1989 இல் அவ்வளவு 15 கன அடியாக உயர்த்தப்பட்டது. காபனோரொட்சைட்டும், தரைவிரிப்பு, தளபாடங்களிலிருந்து கசியும் ஆவிகளும், தாளிக்கும்போது எழும் நுண்டுகள்களும் தோலுக்குத் தெரியமாட்டா. 2020 இற் பெருந்தொற்று வந்தபோது, பிறர் உயிர்த்த காற்றையே மீண்டும் உயிர்ப்பதன் பொருள் உலகிற்கெல்லாம் புலப்பட்டது.

நிலத்தைச் சூடாக்கிக் காற்றை விட்டுவிடும் எண்ணம் புதியதன்று. உரோமர் தம் நீராடு மண்டபங்களின் தளத்தைக் குட்டையான செங்கற்றூண்களின் மேல் உயர்த்தி, அதன் கீழே நெருப்பின் வெப்பக் காற்றையும் புகையையும் ஓடச் செய்தனர். விற்றூவியஸ் தமது கட்டடக்கலை நூலில் அதனை விளக்கியுள்ளார். இங்கிலாந்தின் பாத் நகரில் அத்தூண்களை இன்றும் வரிசையாகக் காணலாம். உரோமப் பேரரசு மேற்கில் வீழ்ந்தபின் அக்கலையும் அங்கே பெரும்பாலும் மறைந்தது. அறுபடாது அதனைக் காத்த நாடு கொரியா. அந்நாட்டைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் நிலவெப்பத்தின் நன்மையும் அதன் நஞ்சும் அங்கே ஒரே தளத்தின் கீழ்க் கிடந்தன.

கொரியர் அதனை ஒந்தோல் என்பர். சூடான கல் என்பது பொருள். அதன் தொன்மை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சமையலறை அடுப்பு நிலமட்டத்திற்குத் தாழ்வாக அமைந்திருக்கும். சோறு சமைத்த நெருப்பின் புகை அடுத்த அறையின் தளத்தின் கீழுள்ள கால்வாய்களூடே ஓடி எதிர்ப்புறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். கால்வாய்களை மூடியிருப்பவை தட்டையான கற்பலகைகள். அவற்றின் மேல் களிமண் பூச்சு. அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த கடதாசி. நெருப்பு அணைந்த பின்னும் கல் நெடுநேரம் வெப்பத்தை வைத்திருக்கும். எரிந்த விறகு ஒன்று. பெற்ற பயன் இரண்டு. அடுப்பிற்கு அண்மையிலுள்ள பக்கமே மிக்க சூடுடையது. அவ்விடத்தை முதியோருக்கும் விருந்தினருக்கும் அளிப்பது அவர் வழக்கம். கொரியர் பாதணியை வாயிலிற் கழற்றி, நிலத்திலே இருந்து, நிலத்திலே உண்டு, நிலத்திலே பாய்விரித்து உறங்கியது இவ்வெப்பத்தாலேயே. நாமும் பாதணி கழற்றி நிலத்தில் இருந்து உண்ட மக்கள். ஆயின் நாம் நாடியது நிலத்தின் குளிர்ச்சியை.

1950 முதல் 1953 வரை நடந்த போரின் பின் கொரியாவிற் காடுகள் அழிந்து விறகு அரிதாயிற்று. நகர மக்கள் நிலக்கரித் தூளைத் துளைகளுள்ள உருளைகளாக அழுத்திச் செய்த எரிபொருளை அதே அடுப்பில் இட்டனர். அதனை யொந்தான் என்பர். விறகு சுவாலையோடு எரியும். அதன் புகை வலிய இழுவையோடு கால்வாயில் ஓடும். நிலக்கரி உருளையோ மெல்லக் கனன்று இரவு முழுவதும் எரியும்; இழுவை தளர்ந்தது; காபனோரொட்சைட்டு மிகுதியாகப் பிறந்தது. களிமண் பூச்சில் ஒரு மயிரளவு வெடிப்பு இருந்தாலும் போதும். நிலத்திற் படுத்தோரின் மூக்கிற்கு நேர் கீழே நஞ்சு கசிந்தது. குளிர்காலந்தோறும் குடும்பம் குடும்பமாக மக்கள் இறந்தனர். மயங்கியவருக்கு முள்ளங்கி ஊறிய புளித்த நீரைப் பருகக் கொடுப்பது வீட்டு வைத்தியமாயிருந்தது. ஈமோகுளோபினைப் பற்றிய வாயுவை அந்நீர் அகற்றமாட்டாது. ஆனால் அதனைக் கொடுப்பதற்காகவாவது யாரோ ஒருவர் கதவைத் திறந்திருப்பார். அத்திறந்த கதவே பலரைக் காத்திருக்கும் என்பது என் எண்ணம்.

கொரியர் நிலவெப்பத்தைக் கைவிடவில்லை. நெருப்பைத்தான் நிலத்தின் கீழிருந்து அகற்றினர். கொதிகலன் ஒரு மூலையிலே நிற்க, அதிற் சூடான நீர் தளத்தினுள் பதித்த குழாய்களிற் சுற்றி வருகின்றது. புகை ஒரு வழி. வெப்பம் மற்றொரு வழி. இன்று சீயோல் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இம்முறையே பொதுவழக்கு. நீரைத் தெரிந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. ஒரு கன மீற்றர் காற்றை ஒரு பாகை உயர்த்த 1.2 கிலோ யூல் போதும். ஒரு கன மீற்றர் நீருக்கோ 4,200 கிலோ யூல் வேண்டும். வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றலில் நீர் காற்றினும் ஏறக்குறைய 3,500 மடங்கு வலியது. விரலளவு குழாய் செய்யும் வேலைக்குக் காற்றாயின் ஆள் நுழையும் சுரங்கம் வேண்டும்.

எனினும் ஆபத்து அடியோடு நீங்கிற்று எனக் கூறற்க. 2018 மார்கழியிற் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வெழுதி முடித்த உயர்பள்ளி மாணவர் பதின்மர் கங்நுங் என்னும் கரையோர நகரின் விடுதி ஒன்றிற் களித்திருக்கச் சென்றனர். கொதிகலனின் புகைக்குழாய் அதன் பொருத்திலிருந்து விலகியிருந்தது. மூவர் இறந்தும் ஏனையோர் மயங்கியும் கிடந்தனர். அவ்வறையில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை.

மேற்குலகு இக்கலையை மீண்டும் கற்றுக்கொண்ட வழியும் சுவையானது. இங்கிலாந்திற் பாக்கர் என்னும் பொறியியலாளர் சுடுநீர்க் குழாய்களைச் சாந்தினுட் பதிக்கும் முறைக்கு 1907 இல் உரிமை பெற்றார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் றைற் தோக்கியோ நகரில் ஒக்கூரா பிரபுவின் மாளிகையிற் குளிரால் நடுங்கியபடி விருந்துண்டபின், கொரிய அறை எனப்பட்ட ஓரறைக்கு அழைத்துச் செல்லப்பட்டதையும், அடுப்போ சூடாக்கியோ கண்ணிற் படாமலே உடம்பு இதமடைந்ததையும் பிற்காலத்தில் எழுதினார். 1937 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் அவர் கட்டி முடித்த யேக்கப்சு வீட்டில் கொங்கிறீற்றுத் தளத்தின் கீழே குழாய்களை அமைத்தார். போரின் பின் நியூயோர்க் அருகே எழுந்த லெவிற்றவுண் குடியிருப்பின் வீடுகளிலும் இம்முறை இடம்பெற்றது. ஆயின் தளத்தினுட் கிடந்த உலோகக் குழாய்கள் காலப்போக்கில் அரித்தும் வெடித்தும் ஒழுகின. நிலத்தை உடைத்தாலன்றித் திருத்த இயலவில்லை. மக்கள் வெறுத்து ஊதுகாற்று முறைக்கு மாறினர். 1960களின் பிற்பகுதியில் ஜேர்மனியிற் குறுக்குப் பிணைப்புற்ற பொலித்தீன் குழாய் தோன்றியபின்னரே இக்கலை மீண்டும் தலையெடுத்தது. துருப்பிடியாத, வளையவல்ல, பொருத்தின்றி நெடுந்தூரம் ஓடவல்ல குழாய் அது.

இக்காலத் தளத்திற்கு வேண்டிய நீர் 35 முதல் 45 பாகை வரையே. சுவரோரத்து இரும்புக் கதிர்வீசிகளுக்கு வழக்கமாக 60 பாகைக்கு மேல் வேண்டும். தாழ்ந்த சூடு போதுமாதலின், வெளிக்காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ வெப்பத்தை இறைக்கும் வெப்பப் பம்பிகள் இங்கே சிறப்பாகத் தொழிற்படும். ஒரு பங்கு மின்னுக்கு மூன்று, நான்கு பங்கு வெப்பம் தருவனவும் உள. மக்கள் நடமாடும் இடத்தில் நிலத்தின் மேற்பரப்பு 29 பாகையைக் கடத்தல் ஆகாது என ஐரோப்பிய நியமம் வரையறுக்கின்றது. அறை 20 பாகையாகவும் நிலம் 29 ஆகவும் இருப்பின் ஒரு சதுர மீற்றர் ஏறக்குறைய 100 உவாற்று வழங்கும். நன்கு காப்பிட்ட வீட்டிற்கு அதிற் பாதியே மிகை. ஒழுங்காகக் காப்பிடாத பழைய வீட்டில் நிலத்தை மட்டும் சூடாக்கிப் பயன் கொள்ள நினைப்போர் ஏமாறுவர். கொங்கிறீற்றுத் தளம் சூடாக மணிக்கணக்காகும். காலையில் முடுக்கிவிட்டு உடனே இதம் தேடுவோருக்கு இது பொருந்தாது.

இன்னுமொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கதிர்வீசு வெப்பம் வளியைத் தூய்மை செய்வதில்லை. அழுக்காக்காமலும் வறட்டாமலும் விடுகின்றது, அவ்வளவே. வெளிக்காற்றை வேறாக வரவழைக்க வேண்டும். அதற்கு விலை உண்டு. ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 இலீற்றர் வெளிக்காற்றை 0 பாகையிலிருந்து 20 பாகைக்கு உயர்த்த 240 உவாற்று ஓயாது தேவை. அவ்வாள் தானே பிறப்பிக்கும் வெப்பத்தின் இருமடங்குக்கு மேல். எனவேதான் ஏழையும் கருமியும் யன்னலை அடைக்கின்றனர். இன்று வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றிற்குக் கையளிக்கும் மாற்றிகள் வந்துவிட்டன. அவை அவ்விலையிற் பெரும்பகுதியை மீட்டுத் தரும்.

சில ஆண்டுகளின் முன் தொறன்ரோவிலுள்ள மருமகன் வீட்டில் ஒரு மாரியைக் கழித்தேன். அங்கே நிலத்தடி அறையிலுள்ள உலை காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்களால் அறைதோறும் ஊதுகின்றது. மகள் மீன்குழம்பு தாளித்தால் மேல்மாடிப் படுக்கையறை வரை அது செய்தி சொல்லும். அடுப்பின் மேல் உறிஞ்சி ஒன்று இருந்தது. ஆனால் அது புகையை வடித்து மீண்டும் அறைக்குள்ளேயே விடும் இனம். எண்ணெய்த் துளியை அது பிடிக்கலாம். எரிவாயு அடுப்பின் நைதரசன் ஒட்சைட்டுகளையோ காபனோரொட்சைட்டையோ பிடியாது. வெளிச்சுவரூடே குழாய் போக்கிய உறிஞ்சி வேண்டும் எனக் கூறினேன். "வீட்டுக்காரன் விடமாட்டான், மாமா" என்றார் மருமகன். அவ்வாறாயின் சமைக்கும்போதாவது யன்னலைச் சிறிது திறந்துவைக்கச் சொன்னேன். ஒந்தாரியோ மாகாணத்தில் 2014 முதல் எரிபொருள் உலையுள்ள வீடுகளிற் படுக்கையறைகளின் அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருத்தல் சட்டமாகும். அவர் வீட்டிற் கருவி இருந்தது, மின்கலம் இருக்கவில்லை. இரவிற் கீச்சிடுகின்றதென்று கழற்றிவைத்தார்களாம்! மின்கலம் தீர்ந்ததை அறிவிக்கவே அது கீச்சிட்டது. மறுநாளே புதிய மின்கலம் வாங்குவித்தேன். நிலத்தடி அறைகளை வாடகைக்கு விடுவோரும் அங்கே குடியிருப்போரும் நம்மவருள் மிகப் பலர். உலைக்கு அண்மையில் உறங்குவோர் அவர்களே.

இனி வாக்களித்தபடி நமது கூரைக்கு வருவோம். வெயில் வேளையிற் காப்பற்ற தகரக் கூரை 50 பாகையைக் கடந்து சூடேறும். கல்நார்த் தகட்டின் கீழிருப்போரும் சுகமாயிரார். அத்தகடு வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவனின் தலைக்கும் கதிர் வீசுகின்றது. விசிறி சுழன்றாலும் காற்று மட்டுமே அசையும். கதிர் காற்றைப் பொருட்படுத்தாது என்பதை முன்னரே கண்டோம். கொரியருக்கு இதம் தந்த அதே விதி இங்கே மேலிருந்து நம்மை வாட்டுகின்றது. பனையோலை வேய்ந்த வீட்டின் உட்புறம் இதமாயிருந்தமைக்குக் காரணம், ஓலையின் கீழ்ப்பரப்பு காற்றின் வெப்பநிலையை ஒட்டியே நின்றமை. ஓலைக்குத் திரும்புக எனக் கூறவில்லை. வெண்பூச்சு, பளபளக்கும் உலோகத் தாள், இடையே காற்றோடும் உட்கூரை ஆகியவற்றுள் ஒன்றாயினும் தகட்டிற்கும் தலைக்கும் நடுவே வேண்டும்.

நிலத்தைக் குளிர்நீரால் தணிக்கலாகாதா என மாணவர் வினாவலாம். 2006 இல் திறக்கப்பட்ட பாங்கொக் சுவர்ணபூமி விமானநிலையத்தில் அவ்வாறே செய்துள்ளனர். ஆயின் அங்கே காற்றின் ஈரத்தை வேறு இயந்திரங்கள் அகற்றுகின்றன. நமது கரையோரக் காற்று பெரும்பாலும் 24, 25 பாகையிலேயே பனித்துளியாகப் படியத் தொடங்கும். அதனினும் குளிர்ந்த நிலத்தில் நீர் கோத்து நடப்போர் வழுக்குவர்.

மேல்வகுப்பு மாணவர் இதனைத் தாமே அளந்து பார்க்கலாம். வேர்ணன் என்னும் ஆங்கிலேயர் கதிர்வீசலை அளக்க ஆறங்குல விட்டமுள்ள செப்புக் கோளமொன்றைக் கருநிறமூட்டி அதன் நடுவில் வெப்பமானியை வைத்தார். செப்புக் கோளம் கிடையாதவர் மேசைப்பந்து ஒன்றிற்கு மங்கிய கருமை பூசி, துளையிட்டு, வெப்பமானியின் குமிழ் நடுவில் நிற்குமாறு செருகிக்கொள்க. பந்து சிறிதாதலின் காற்றோட்டம் அதனை மிகுதியாகப் பாதிக்கும். அளக்கும்போது விசிறியை நிறுத்திவிடுக. அதன் அருகே வெறும் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிடுக. காலை எட்டு மணி தொடங்கிப் பள்ளி விடும்வரை அரைமணிக்கொருமுறை இரண்டையும் குறித்துக்கொண்டால், இரண்டிற்குமிடையே விரியும் வேறுபாடே தகடு தலைக்கு அனுப்புவது. உட்கூரை உள்ள வகுப்பிலும் இல்லாத வகுப்பிலும் ஒரே நாளில் அளத்தல் நன்று. பதிவுகளைப் பௌதிகவியல் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். கூரை திருத்தும் மதிப்பீட்டைப் பழைய மாணவர் சங்கம் எடுத்துக்கொள்ளும்போது அவை பயன்படும்.